சாவிக்கொத்தில் ஒரு நீலக் கயிறு

அடியே, இன்று காலையும் நம் தெருவில், உன் எதிர்வீட்டுக் குட்டியானை வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது அதே பாட்டைப் பாடியது. நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்தில் முடிந்து வைத்திருக்கும் நீலக் கயிறு விரலில் சுற்றிக்கொண்டது. உன் ஞாபகம் வந்தது.

ஓசூரில் நாம் வேலை பார்த்த, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் தரையே அதிரும். புருவத்தாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். சூப்பர்வைசர் நடையை நான் சத்தமில்லாமல் கேலி பண்ண, நீ சிரிப்பை அடக்கக் கோட்டுக் காலரைக் கடிப்பாய். ஷிப்டு முடிந்ததும் எல்லாரும் காதை அடைத்த இயர் பிளக்கைக் கழற்றுவார்கள். நீ மட்டும் ஊருக்குத் திரும்பும் பேரிகை பஸ்ஸிலும் கழற்ற மாட்டாய்.

"வீட்டுக்குமாடி இதோட போவ?" என்றேன்.

"மெஷின் அதுபாட்டுக்கு அடிக்குது, என்னைக் கூப்பிடல. வீட்ல ஒவ்வொரு சத்தமும் என்னைத்தான்டி கூப்பிடுது."

நீ நோயில் படுத்த பிறகு அந்த வீட்டுக்குள் நுழையவே அருவருப்பாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் ரீல்ஸ் ஓட்டினார்கள். டிவியில் மாமியாரும் மருமகளும் கத்தினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் உன் நெற்றி சுருங்கும், மூச்சு வாங்கும். "ஒரு தூக்கம் தூங்கிட்டா போதும்டி" என்றாய்.

எதிர்வீட்டுக்காரனிடம் போனேன்.

"ஏம்பா, உன் வண்டிக்குப் பாட்டு வாத்தியார் வெச்சிருக்கியா? கொஞ்சம் வாயை மூடச் சொல்லு. அங்க ஒருத்தி தூங்காம கெடக்கறா."

"பின்னால எவனாச்சும் வந்து உளுந்தா நீ பதில் சொல்லுவியா அக்கா?"

மறுநாள் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தான். அந்தத் தூக்கம் கிடைக்காமலே நீ போய்ச் சேர்ந்தாய்.

"அம்மாவ கெத்தா அனுப்பணும்" என்று உன் மகன் செண்டை மேளமும் சரவெடியும் இறக்கினான். குக்கர் விசிலுக்கே நடுங்கியவளுக்கு! தூ! ஆனால் அவனை என்ன சொல்ல, அழுதுகொண்டேதான் திரியைக் கொளுத்தினான்.

அதற்கு முன்னால் உன்னைக் குளிப்பாட்டி மூக்குக்குப் பஞ்சு வைத்தார்கள். காதுக்கும் எடுத்தார்கள். "நில்லுங்க" என்றேன். உன் கம்பெனிப் பையிலிருந்த மஞ்சள் பிளக்கின் நீலக் கயிற்றைக் கத்தரித்தேன். பிளக்குகளை விரலில் உருட்டி இரண்டு காதிலும் வைத்தேன்.

உன் நாத்தனார் முறைத்தாள். "இன்னாடி இது கூத்து?"

"கம்பெனி ஆளு அக்கா இவ. பிளக் இல்லாம உள்ள விடமாட்டாங்க."

அழுதுகொண்டிருந்தவளுகளில் ரெண்டு பேர் சிரித்தே விட்டார்கள். வெளியே சரவெடி தெருவைக் கிழித்தது. உன் நெற்றி சுருங்கவில்லை.

கத்தரித்த கயிறு என்னிடம் இருக்கிறது. குட்டியானை பாடும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, உதட்டை மட்டும் அசைத்து வண்டிக்காரனைத் திட்டுகிறேன். தெருவில் யாருக்கும் புரியாது. உனக்குக் கேட்கவே வேண்டியதில்லை.