ஞானஸ்நானம் பெறாதவர்களின் வரிசை

சிஸ்டர்,

இன்று காலை பிரசவ வார்டு பீரோவைத் திறந்தேன். துவைத்து, நீலம் போட்டு, வெயிலில் காயவைத்த மல் துணியின் வாசனை வந்தது. உள்ளே கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதான வெள்ளைத் துணிகள் அடுக்கியிருந்தன. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, "இவ்ளோ சின்னதா எதுக்கு மேடம் வெட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். உங்களைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் அவளிடம் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே பஸ்ஸில் பதினோரு வருடம் போய்வந்தோம். நான் மகப்பேறு டாக்டர், நீங்கள் அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு பொறுப்பு நர்ஸ். நான் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம், நீங்கள் செம்மண்டலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முதல் வாரமே என் அறைக்கு வந்து, "கருக்கலைப்புக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்க டாக்டர். வேற எந்த வேலைக்கும் பின்வாங்க மாட்டேன்" என்றீர்கள். சட்டம் அனுமதிக்கிற கருக்கலைப்பை நான் தயங்காமல் செய்கிறவள். உங்கள் மனசாட்சிக்கு நான் ஒதுங்குவது, என் நோயாளிகளை நீங்கள் ஒரு பார்வையால்கூடக் குத்துவதில்லை என்பது நம் உடன்பாடு. இருவரும் அதை மீறியதில்லை.

பஸ்ஸில் மட்டும் சண்டை. கருவின் மதிப்பு வளர வளரக் கூடுகிறது, சுமக்கிறவளின் உயிருக்கும் விருப்பத்துக்கும் மேலாகத் தொடக்கத்திலேயே அதை வைக்க முடியாது என்பேன். கரு உருவான நாளிலேயே கடவுள் அதை அறிந்துவிட்டார் என்பீர்கள். ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது, "ஒரு முந்திரிக்கொட்டைய முந்திரித் தோப்புன்னு சொல்லுவீங்களா?" என்று மடக்கினேன். "சொல்ல மாட்டேன். ஆனா மொளச்சிருந்தா மிதிக்காம சுத்திப் போவேன்" என்றீர்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் எஸ்தர் வந்தாள். உங்கள் சபைப் பெண், பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டானவள். ஐந்து மாதம் முடிந்த நிலையில் ரத்த அழுத்தம் ஏறி, எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. பார்வை மங்கியது. கல்லீரல் கெட ஆரம்பித்தது. கர்ப்பத்தை முடித்தால்தான் அவள் பிழைப்பாள். அந்த வயதுக் குழந்தையை வெளியே எடுத்துக் காப்பாற்றவும் வழியில்லை. அவள் புருஷன் ரூபனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தரிடமும் சொன்னேன். அவள் வயிற்றின் மேல் கைவைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வேறு நர்ஸைக் கூப்பிடச் சொல்லித் திரும்பினால், நீங்கள் கை கழுவிக்கொண்டு நின்றீர்கள்.

"நீங்க வேணாம் சிஸ்டர். இது கருக்கலைப்புதான். நான் பேர மாத்திச் சொல்ல மாட்டேன்."

"மாத்த வேணாம் டாக்டர். உள்ள ரெண்டு உசுரு. ஒன்ன நம்மால காப்பாத்த முடியாது. அதுக்காக இன்னொன்னையும் விட்டுட்டு நிக்கச் சொல்லி எங்க சாமி எனக்குச் சொல்லல."

குழந்தை பிறக்கும்போது துடிப்பு இல்லை. பெண். ஆயா வழக்கம்போல மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையோடு வந்தாள். அந்தப் பையை அதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன். ஒருமுறைகூட அது என் கண்ணில் உறுத்தியதில்லை. நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பைய எடுத்துக்கினு போம்மா" என்றீர்கள். அலமாரியிலிருந்த மல் துணியைக் கிழித்துக் குழந்தையைத் துடைத்து, சுற்றி, எஸ்தரின் கையில் கொடுத்தீர்கள். அவள் ஒரு மணி நேரம் வைத்திருந்தாள். அப்புறம், "இவள எங்க கல்லறைத் தோட்டத்துல வெக்கணும் சிஸ்டர்" என்றாள்.

பெற்றோர் எழுதிக் கொடுத்தால் தரலாம் என்றது நிர்வாகம். அதுவரை யாரும் கேட்டதில்லையாம். தடை வந்தது உங்கள் சபையிலிருந்து. ரூபன் போன் செய்தபோது சபைச் செயலாளர், "ஞானஸ்நானம் இல்லாததுக்கு நம்ம தோட்டத்துல எடம் கெடையாதுப்பா. அதுவும் இது ஆஸ்பத்திரில கலைச்சது. கெடிலம் ஆத்தங்கரையில பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

"டாக்டர், நீங்களும் வாங்க. நான் ஒரு பக்கம் பேசுறேன். உங்களக் கேட்டா உங்க பக்கத்த மறைக்காம பேசுங்க" என்றீர்கள். எஸ்தரை இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சர்ச் அலுவலக அறையில் போதகர், செயலாளர், கமிட்டிக்காரர்கள் நாலு பேர். வெளியே வேப்பமரத்தடியில் ரூபன் மடியில் துணிப்பொதியோடு உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் உட்காரவில்லை.

"பாஸ்டர், போன மாசம் கருக்கலைப்பு கொலைன்னு பிரசங்கம் பண்ணீங்க. கரு முழு மனுசன்னு சொன்னீங்க. நான் ஆமென் சொன்னேன், இன்னிக்கும் சொல்லுவேன். மனுசன்னா மனுசனுக்குக் குழி உண்டு. குழி கெடையாதுன்னா, வர்ற ஞாயித்துக்கெழம அந்தப் பிரசங்கத்தத் திருப்பி வாங்கிக்குங்க. ரெண்டுல ஒன்னு செய்ங்க."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "செஞ்சது நீங்கதான டாக்டர்? நீங்க சொல்லுங்க. அது மனுசனா, இல்லியா?"

"சிஸ்டர் நம்புறத நான் அப்படியே நம்பலீங்க. முழு மனுசன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா எஸ்தருக்கு அது மகள். நான் செய்யாம விட்டிருந்தா நீங்க இப்ப ரெண்டு பேருக்கு எடம் தேடிக்கினு இருப்பீங்க."

போதகர் சின்ன வயசுக்காரர். முகம் சிவந்திருந்தது. எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தோட்டத்துச் சாவியை எடுத்தார். "சிஸ்டர் கேட்டது சரி. நான் வந்து ஜெபம் பண்றேன்" என்றார்.

மண்வெட்டியோடு வந்தவர் அந்தச் செயலாளரேதான். ஆள் வைத்து வெட்டலாம் என்று ரூபன் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையசைத்து, சட்டையைக் கழற்றிவிட்டு மதிலோரம் தானே வெட்டினார். பாதிக் குழியில் நிறுத்தி, நம் யாரையும் பார்க்காமல், "எங்க வூட்லயும் ரெண்டு அப்படிப் போச்சு. கெடிலம் ஆத்தங்கரையிலதான் வெச்சேன். இங்க கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். நீங்கள் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மீதியை வெட்டினீர்கள்.

அதோடு விடவில்லையே நீங்கள். பிறக்காமல் போன குழந்தைகளுக்கு அந்த மதிலோரத்து வரிசை என்று கமிட்டியில் தீர்மானம் எழுத வைத்தீர்கள். எப்படிப் போனது என்று யாரும் கேட்கக் கூடாது என்ற வரியையும் சேர்க்கச் சொன்னீர்கள். "வேணும்னே கலைச்சவங்களும் வருவாங்களே சிஸ்டர்" என்றார் ஒருவர். "வரட்டும். கலைச்சது தப்புன்னு நான் நெனைக்கிறேன். ஆனா அழுதுக்கினு வர்றவள வாசல்ல நிறுத்தி விசாரிக்கிற வேல சபைக்கு இல்ல" என்று நீங்கள் பதில் சொன்னதை அடுத்த நாள் பஸ்ஸில் எனக்குச் சொன்னீர்கள். தீர்மானம் நிறைவேறியது. அன்று நீங்கள் ஜன்னலோரச் சீட்டைக்கூட என்னிடம் கேட்காமல் பிடுங்கிக்கொண்டீர்கள். அவ்வளவு சந்தோஷம்.

கடைசிவரை நாம் ஒத்துப்போகவில்லை. புற்றுநோய் முற்றி நீங்கள் படுத்திருந்தபோதும், "நான் செத்தா ஜெயிச்சிட்டோம்னு நெனச்சிக்காதீங்க" என்றீர்கள்.

உங்கள் அடக்கத்தன்று கூட்டத்தில் நிற்க இடமில்லை. சபைக்காரர்கள் பாட, மதிலோரத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சேலைத்தலைப்பைத் தலையில் போட்டவர்களும் பொட்டு வைத்தவர்களும், துப்பட்டா போட்ட ஒரு முஸ்லிம் அம்மாவும் இருந்தார்கள். எஸ்தர் தன் ஐந்து வயதுப் பையனோடு முன்னால் நின்றாள். செயலாளரின் மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தவிர அந்தப் பெண்கள் எல்லாரும் நீங்கள் துணி சுற்றிக் கையில் கொடுத்த குழந்தைகளின் தாய்மார்கள். ஒரு ராணிக்குக்கூட அப்படியொரு அணிவகுப்பு கிடைத்திருக்காது. நான் அழ வந்தவள், பெருமையில் நிமிர்ந்து நின்றேன்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு நான் கொண்டுபோன மூன்றையும் ஏற்றுக்கொண்டது. சட்டம் தரும் கருக்கலைப்பைக் கேட்டு வரும் பெண்ணுக்கு உபதேசம் இல்லாமல் சிகிச்சை. மனசாட்சி தடுக்கிற நர்ஸுக்குத் தண்டனை இல்லாத விலக்கு. எத்தனை வாரத்தில் இழந்தாலும், பார்க்கவும் தூக்கவும் கொண்டுபோகவும் விருப்பமா என்று தாயிடம் கேட்பது. உங்கள் பாதியும் என் பாதியும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழ்.

நேற்று மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நாலரை மாதம், தானாகவே கலைந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு, மாமியார் வெளியே போன சமயம் பார்த்து, "இதுக்கெல்லாம் பேரு வெக்கலாமா டாக்டர்? வூட்ல வேணாம்னு சொல்றாங்க" என்று கேட்டாள். முன்பெல்லாம் நான் "மறந்துடும்மா, அடுத்தது நல்லா பொறக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். அது ஆறுதல் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன பேரு நெனச்சிருந்த, சொல்லு" என்றேன்.