தகர வெந்நீர்க் குடுவை எங்கே போனது?

லீட்ஸ்,
2 நவம்பர் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

ரூரி எழுதுகிறேன். உங்கள் இடது காது மந்தமான பிறகு நாம் போனில் பேசுவது, இரண்டு பேர் தனித்தனியாகக் கத்துவது போல ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை வழக்கம்போல "நல்ல நாளுக்கு" என்று பெட்டியில் வைத்துவிட்டீர்களா?

"மலைக்கு இந்தப் பக்கம்" நாவலை ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். இருபது வருடமாக ஜப்பானில் யார் யாரோ எழுதியதை எல்லாம் மொழிபெயர்த்தவள், இதை மட்டும் தொடாமல் இருந்தேன். பதிப்பகத்தார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு ஒப்புக்கொண்டேன். நூலாசிரியருக்காக இல்லை, உங்களுக்காக. பெண்டாட்டியையும் ஒன்பது வயது மகளையும் விட்டுவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஒகாயாமாவில் இன்னொருத்தியோடு இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஒரு குளிர்காலத்து ரயிலில் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்தவரின் கதை. பெயர்களை மாற்றினார், அவ்வளவுதான். நீங்கள் பட்ட பாட்டை இங்கே உள்ளவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் கூடி, ஆங்கிலத்தில் வந்த ஜப்பானிய நாவல்களாகத் தேடிப் படிக்கிறோம். டோரீன் என்று ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். என் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு மேசையில் தட்டினாள். "என்னம்மா இது? உங்க ஊர் நாவல்ல எல்லாப் புருஷனும் ஊர் மேஞ்சுட்டு வர்றான், பொண்டாட்டி பேசாம சூப்பு ஊத்துறா. ஒருத்தனாவது 'தப்புப் பண்ணிட்டேன்'னு வாயத் திறக்க மாட்டானா?" என்றாள். அது எங்கள் ஊர் மௌனம் என்று நான் சொல்ல, எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போது சந்தேகங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் சூப்புக்குச் சூரை மீன் சீவல் போட்டதாக வருகிறதே, நம் வீட்டிலா? ஏழாம் அத்தியாயத்தில் அந்தக் குழந்தைக்கு வந்தது அம்மையா, வெறும் சொறியா? கடைசியாக ஒன்று. பதிப்பாசிரியர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "பதினோராம் அத்தியாயத்தில் கணவன் ரயிலடிக் கடையில், கால் சூட்டுக்கு வைக்கும் தகர வெந்நீர்க் குடுவை ஒன்று வாங்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருகிறான். கடைசி அத்தியாயத்தில் வீட்டுக்குள் நுழையும்போது அது இல்லை. எங்கே போனது?" நூலாசிரியர் மறந்துவிட்டாரா?

உங்கள் அன்பு மகள்,
ரூரி

*

குராயோஷி,
21 நவம்பர் 2004

அன்பு ரூரிக்கு,

உன் கடிதம் வந்தது. பேரிக்காய் முடிந்து நண்டுக் காலம் வந்துவிட்டது. பக்கத்து சோயா சாஸ் கடை நிஷியோ அம்மாள் பாதி நண்டு கொடுத்துவிட்டு முழு நண்டு கொடுத்தது போலப் பேசிவிட்டுப் போனாள். தனியாளுக்குப் பாதியே அதிகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. காலுறை பெட்டியில் இருக்கிறது.

உன் சந்தேகங்களுக்கு வருகிறேன். சூரை மீன் சீவல் எல்லாம் அவர் பேனாவில்தான். நம் வீட்டில் நெத்திலிக் கருவாடு, அதுவும் தலையோடு. நீ கருவாடு என்றே போடு, நான் சொன்னேன் என்று சொல். உனக்கு வந்தது அம்மைதான். பன்னிரண்டு நாள், முதுகில் ஒரு வடு இன்னும் இருக்கும், பார்த்துக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் "நூலாசிரியர், நூலாசிரியர்" என்றே எழுதியிருக்கிறாய். அவர் உனக்கு அப்பா. செத்து நாலு வருடம் ஆகிறது. இனியுமா?

குடுவை விஷயம் எனக்குத் தெரியாது. எழுதுகிற ஆளுக்கு ஆயிரம் ஞாபகம் இருக்கும், எது எங்கே போனது என்று யார் கண்டார்கள்? அந்தப் பதிப்பாசிரியரிடம் சொல், மழை பெய்ததும் வெயில் அடித்ததும் கணக்குப் பார்த்துக் கதை எழுதமாட்டார்கள் என்று.

குளிரில் வெறுங்கழுத்தோடு வெளியே போகாதே.

அம்மா

*

லீட்ஸ்,
12 டிசம்பர் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

கருவாடு புத்தகத்தில் ஏறிவிட்டது. நிஷியோ அம்மாளின் பாதி நண்டை டோரீனிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

முன்னுரை எழுதும் பேராசிரியர் அந்தக் குடுவையைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். சொல்லாமல் விட்டதுதான் ஜப்பானிய இலக்கியத்தின் உயிராம். காணாமல் போன அந்தக் குடுவைக்குள்தான் கணவன் கேட்காத மன்னிப்பு மூடிக் கிடக்கிறதாம். படித்துவிட்டு, இந்த ஆள் ஒருநாள் உங்களோடு குடித்தனம் பண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அம்மா, ஒரு சங்கதி. கதையை முதலில் வெளியிட்ட டோக்கியோ பத்திரிகை, பழைய கையெழுத்துப் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நகல் கேட்டு வாங்கினேன். முழுக்க உங்கள் கையெழுத்து. நூலாசிரியரின் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தானே. கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, கட்டுக் கட்டாக நீங்கள் திருத்தமான நகல் எடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் தாளில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. கடைசித் தாளில் 312 என்று எண் போட்டு, அதை அடித்து 311 என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவருடைய கிறுக்கல் பிரதியைப் பார்த்துத்தான் நீங்கள் எண் போடுவீர்கள். அப்படியானால் அவருடையதில் ஒரு தாள் கூடுதலாக இருந்ததா? அதில் என்ன இருந்தது?

உங்கள் அன்பு மகள்,
ரூரி

*

குராயோஷி,
16 ஜனவரி 2005

அன்பு ரூரிக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அவருடைய 311-ஆம் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மற்ற தாள்களை எல்லாம் குளியலுக்கு வெந்நீர் வைக்க எரித்துவிட்டேன். இது ஒன்று மட்டும் என் கல்யாணக் கிமோனோவைச் சுற்றிய காகிதத்துக்குள் முப்பத்துநாலு வருடமாக இருந்தது. அவர் கையெழுத்து உனக்குப் புரியாது, அதனால் கீழே எழுதுகிறேன்:

"பெட்டியை வைத்துவிட்டு அவன் குடுவையை எடுத்தான். வெந்நீர் நிரப்பி, பழைய துணியைச் சுற்றி, அவள் எழுதும் மேசைக்கு அடியில் வைத்தான். 'காலு சில்லிட்டுப் போகும்' என்றான். பிறகு சொன்னான்: 'ரெண்டு வருஷத்துத் தப்பும் என் பேர்லதான். உன் பேர்ல ஒண்ணும் இல்ல. இதப் படிச்சுட்டு நீ என்ன பண்ணாலும் சரி. புள்ளகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு நேர்ல வாய் வராது.'"

கதையில் அந்தப் பெண் எதையும் படிக்கவில்லை. எழுதுகிற மேசையும் அவளுக்குக் கிடையாது. படித்தவள் நான், மேசையும் என்னுடையது. ஊரெல்லாம் பனி கொட்டிய ஒரு பிப்ரவரிப் பகல். தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு அவர் பொதுக் குளியலுக்குப் போயிருந்தார். இதைப் படித்து முடித்த பிறகுதான் என் கால் கதகதப்பாக இருப்பதையே உணர்ந்தேன். குனிந்து பார்த்தேன். குடுவை அங்கே இருந்தது.

நீயாக இருந்தால் அழுதிருப்பாய். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாமல், ஊருக்கெல்லாம் விற்கிற கதைக்குள் வைத்துச் சொல்கிறாரே! அவர் கேட்கும் மன்னிப்பை நானே முத்து முத்தாக எழுதி, நானே உறையில் போட்டு, நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். 310-க்குப் பிறகு நேராக 312-க்குப் போனேன். கை பழக்கத்தில் எண்ணை அப்படியே போட்டுவிட்டது. அதை அடித்ததுதான் நீ பார்த்தது.

மே மாதம் பத்திரிகை வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்தார். முந்தின பக்கத்துக்குத் திருப்பினார். மறுபடி கடைசிப் பக்கம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். "சோறு ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தாளை நான் விட்டதுதான் என் பதில் என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் குடுவையை அவரே நிரப்பி வைத்தார், கை நடுங்கத் தொடங்கிய பிறகும்.

இதெல்லாம் எனக்கும் அவருக்கும் உள்ளது. உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. 2000 செப்டம்பரில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ போனில் சொன்னாய்: "அவர் உங்ககிட்ட ஒரே ஒரு தடவ மன்னிப்புக் கேக்கட்டும்மா. அன்னிக்கே டிக்கெட் போடறேன்." அப்போது எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. அந்தத் தாள் பத்தடி தூரத்தில் பெட்டிக்குள் இருந்தது. நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் கேக்கற மனுஷனா அவரு?" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நான்கு வருடமாக யோசிக்கிறேன். எனக்காகக் கோபப்பட உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய், ரூரி. அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு நல்ல காரணம் ஒன்றும் இல்லை. கடைசி வாரம் கதவுப் பக்கம் ஆள் நடமாட்டம் கேட்டால் தலையைத் திருப்புவார். நர்சு என்று தெரிந்ததும் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்.

என்னைத் திட்டி எழுது.

அம்மா

*

குராயோஷி,
24 ஏப்ரல் 2005

அன்பு ரூரிக்கு,

தபால்காரர் வருகிற நேரம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆற்றங்கரைச் செர்ரி எல்லாம் உதிர்ந்தாயிற்று. நிஷியோ அம்மாள், "பொண்ணுகிட்டேர்ந்து தபால் வந்துச்சா?" என்று கேட்டாள். புத்தக வேலையில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் பழைய கட்டம் போட்ட தாள் ஒன்றைத் தேடி எடுத்து, அந்த 311-ஐ நகல் எடுத்தேன். அசல் உன்னிடம் இருக்கிறது, எனக்கு அது தேவைப்படவில்லை. காலையில் உட்கார்ந்தவள் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு தாளுக்கு ஒரு நாள்! எண்ணையும் சரியாகப் போட்டேன். இதோடு அனுப்புகிறேன். அச்சுக்குப் போவதற்குள் முடிந்தால் ஆங்கிலத்திலாவது சேர்த்துவிடு. அவர் சொன்னது ஏதாவது ஒரு மொழியில் நாலு பேர் காதில் விழட்டும். உன் நூலகத்து நர்சம்மாவுக்கும் பதில் கிடைக்கும்.

திட்டக்கூட மாட்டாயா?

அம்மா

*

லீட்ஸ்,
30 ஜூன் 2005

அம்மாவுக்கு,

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் தாள் அதில் இல்லை. நேரம் இருந்தது, பதிப்பாசிரியர் கேள்விப்பட்டிருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பார். நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அப்பா உயிரோடு இருந்தபோது அந்த நாவல் ஆறு பதிப்பு வந்தது. எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பதிப்பிலும் எங்காவது ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார், காற்புள்ளியைக்கூட விடவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை. நீங்கள் எடுத்துவிட்டதை அவர் திரும்ப வைக்கவில்லை. நான் எப்படி வைப்பேன்?

அவருடைய தாளை ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். இருபது வருடத் தொழிலில் அவ்வளவு சுலபமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. "புள்ளகிட்ட நீயே சொல்லிடு" என்ற இடத்தில் மட்டும் அன்றைக்கு எழுந்து போய்விட்டேன்.

சனிக்கிழமை டோரீன் புத்தகத்தோடு வந்தாள். "கடைசி வரைக்கும் அந்தக் குடுவை எங்க போச்சுன்னு சொல்லலியே?" என்றாள். "எனக்குத் தெரியாது, எங்க அப்பாவைத்தான் கேக்கணும்" என்றேன். அவர் என் அப்பா என்பது அங்கே யாருக்கும் அதுவரை தெரியாது. இனி ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள், நானும் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களைத் திட்டத் தெரியவில்லை, அம்மா. பதினோரு வயதிலிருந்து உங்களுக்காகவே அவரிடம் கோபமாக இருந்தேன். அதை விட்டால் எனக்கு வேறு கோபம் பழக்கமில்லை. இந்த ஆகஸ்டில், ஊரோடு முன்னோரைக் கும்பிடும் நீத்தார் நாளுக்கு வரவில்லை. அடுத்த வருடம் எப்படியோ, தெரியாது.

அவர் எழுதிய தாளை நானே வைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு வரி என்னுடையது. நீங்கள் எடுத்த நகலைத் திருப்பி அனுப்புகிறேன். அழகாக இருக்கிறது, ஓர் அடித்தல்கூட இல்லை. ஆனால் அது எனக்கு வர வேண்டிய தாள் இல்லை. பூஜை மாடத்தில் அப்பா படத்துக்கு முன்னால் வையுங்கள், அவர் படிக்கட்டும்.

குளிர் வந்தால் குடுவையை முழுக்க நிரப்பாதீர்கள். மூடியைத் திருகும்போது கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

ரூரி