வளைவில் ஒரு மஞ்சள் தொப்பி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். சைக்கிள்களும் நலம். அங்கே நீங்களும், உங்கள் முட்டியும், உங்கள் இருவரையும் சமாளிக்கும் என் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த விடுதியின் வாசற்படியில் நின்றால் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் நான் முக்கியமான பேச்சை எடுத்தாலே பாத்துக்கலாம் விடு என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அம்மாவும் நீங்கள் எத்தனை இட்லி மிச்சம் வைத்தீர்கள் என்று புகார் படிக்கத் தொடங்கிவிடுகிறாள். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது அல்லவா? தோட்டத்து லாரி நாளைக் காலை தேயிலை மூட்டைகளோடு நம் ஊர் வழியாக இறங்குகிறது. டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கடைக்காரர் நம் சைக்கிள்களை எல்லாம் விலைக்கு எடுக்க வருவதற்கு முன்னால் இது உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அவசரம்.

இன்று சவாரி மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. விடுதி வராந்தா முழுக்க ஈரத் துணி தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். எங்காவது மை கலைந்திருந்தால் கண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம், பல் டாக்டரின் பனியன்தான் சொட்டுகிறது.

காசு கட்டி நம் சைக்கிள் சவாரிக்கு வந்திருக்கும் அந்தப் பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், இங்கே தன் வாயை மூடுவதே இல்லை. ஏற்றம் வந்தால் மட்டும்தான் மூச்சு வாங்கி அடங்குவார். கணக்கு டீச்சர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் முன்னால் யாரும் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட முடியாது. பிறகு ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும். அவர் பறக்கிறார், அவள் பூவையும் பூச்சியையும் படம் பிடித்தபடி பின்னால் வருகிறாள். சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் முகம் உம்மென்று ஆகிவிடுகிறது. மற்றவர்கள் சத்தம் போடாமல் சாப்பிட்டுச் சத்தம் போடாமல் மிதிக்கிறவர்கள், கும்பிட வேண்டும் அவர்களை.

எல்லோரும் உங்களைக் கேட்டார்கள். விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் எந்தப் பள்ளத்தில் என்று மரியாதையோடு கேட்டார். இத்தனை மலை ஏறி இறங்கியும் ஒரு கீறல் படாத மனிதர், பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆழமான பள்ளம்தான் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

முதல் நாள் காலை காட்டுக்குள் நுழைந்தபோது எப்போதும் போலவே எல்லோருக்கும் பேச்சு தானாகக் குறைந்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்த மண்வாசனை. நீங்கள் தண்ணீர் குடிக்க நிறுத்துவீர்களே, அந்தப் பெரிய மரம் சாய்ந்துவிட்டது. அறுத்து ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். அடிமரத்தின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். உங்கள் தம்பி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

வழி தெரிந்தவர் முன்னால், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில், வந்தவர்கள் நடுவில் என்று நீங்கள்தான் ஆதியிலேயே வகுத்தீர்கள். இத்தனை வருஷமாக நீங்கள் முன்னால், நான் கடைசியில். இந்தத் தடவை நான்தானே முன்னால் போக வேண்டும்? கிளம்பும்போது ஜம்மென்று முன்னால்தான் போனேன். ஏற்றம் தொடங்கியது. பின்னால் டாக்டருக்கு இரைக்கும் சத்தம் கேட்டது. என் கால் தானாக மெதுவாகிவிட்டது. அந்தப் பெண் பூச்சியைப் படம் பிடிக்க நின்றாள், நானும் நின்றேன். டீச்சருக்குச் சக்கரத்தில் ஏதோ உரசியது, குனிந்து சரிசெய்து அவரை அனுப்பிவைத்தேன். நிமிர்ந்தால் நானும் டாக்டரும் மட்டும்தான் இருக்கிறோம். எல்லோரும் போய்விட்டார்கள். பழக்கதோஷத்தில் நான் பாட்டுக்குக் கடைசிக்கு வந்துவிட்டேன். முன்னால் வழிகாட்ட ஆள் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரையும் இழுத்துக்கொண்டு வேகமாக மிதித்தேன். வழி இரண்டாகப் பிரியும் கவைப்பாதைக்கு வந்து பார்த்தால் ஒரு ஈ காக்கா இல்லை. இடது பக்கம் மேலே ஏறினால் விடுதி, அங்கேதான் உங்கள் தம்பி சாப்பாட்டு வேனோடு நிற்கிறார். வலது பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்குகிறது. சேற்றில் டயர் தடம் எல்லாம் வலது பக்கம். முன்னால் போனது புது மாப்பிள்ளை. இறக்கத்தைப் பார்த்த பிறகு அந்த வயசில் யார் மேலே ஏறுவார்கள்?

நாங்களும் இறங்கினோம். தடம் நேரே இலை எடை போடும் கொட்டகையில் போய் முடிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மூட்டைகளை இறக்கும் நேரம். நம் ஆட்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்கள் மாதிரி ஓரமாக நின்றிருந்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எடை போடும் அக்கா முதலில் கடுகடுத்தார். பிறகு எல்லோருக்கும் சூடாகப் பால் விடாத கட்டன் டீ கொடுத்தார். கடைசியில் டாக்டரை இலைத் தராசில் ஏற்றி நிறுத்து, இவ்வளவு பறித்திருந்தால் நல்ல கூலி கிடைத்திருக்கும் என்று சொல்ல, கொட்டகையே சிரித்தது. டாக்டர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சைக்கிள்களைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னது சரிதான் போலிருக்கிறது, இது நம்மால் ஆகாது என்றே அப்போது நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போதுதான் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, எப்பவும் கடைசியாகத் தனியாக வருகிற அம்மா நீங்கள்தானா என்று கேட்டாள். அந்தச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களுக்கு மேலே போகும் ரோடு முழுக்கத் தெரியுமாம். இத்தனை வருஷமாக நம் கூட்டம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என்னைப் பற்றி அவர்களுக்கு ஒரே பரிதாபம். கூட்டத்தோடு சேர முடியாமல் பின்தங்கிப் போகிற அப்பாவி, ஒவ்வொரு தடவையும் காசு கட்டி வந்து ஒவ்வொரு தடவையும் தோற்றுப் போகிறாள் என்று பேசிக்கொள்வார்களாம். அது என் வேலை, ஒருவரையும் விட்டுவிடாமல் கடைசியில் வருவதுதான் என் வேலை என்று நான் விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு எடை போடும் அக்கா ஒன்று சொன்னார். அதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“முன்னாடி போற மஞ்சத் தொப்பிக்காரரை நாங்க மொதல்ல திட்டினோம். பின்னாடி ஒரு பொம்பள தனியா வருது, கண்டுக்காம போறானேன்னு. அப்புறம்தான் கவனிச்சோம். ஒவ்வொரு வளைவுலயும் அவர் நின்னுடுவாரு. திரும்பிப் பாத்துக்கிட்டே நிப்பாரு. நீங்க இந்தப் பக்கம் தலை காட்டின பொறவுதான் அங்கேருந்து கிளம்புவாரு.”

டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு வளைவில் திரும்பும்போதெல்லாம் அடுத்த வளைவில் உங்கள் முதுகு மறைவதைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் திரும்பியே பார்க்காத மனிதர், கல்நெஞ்சக்காரர் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் சாப்பிடுவீர்கள். நின்னு பாத்தேன்டி என்று ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும்? ரோட்டில் போகிற நமக்குத் தெரியாதது சரிவில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

எழுதுவதை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய் வந்தேன். புது மாப்பிள்ளைக்குச் செயின் கழன்றுவிட்டது. மாட்டிக்கொடுத்தேன். அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன், நாளைக்கு வளைவு வந்தால் கொஞ்சம் நின்று போங்கள் என்று. ஏன் என்று கேட்டார். நின்று பாருங்கள், தெரியும் என்றேன்.

மழை விட்டதும் அந்த அக்காவே தோட்டத்துக்குள்ளேயே சுற்றி வரும் ஒரு பாதையைக் காட்டிவிட்டார். இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் செம்மண், ஏற்றம் தெரியவே தெரியாது. எல்லோருக்கும் அந்த வழிதான் பிடித்திருக்கிறது. உங்களைக் கேட்காமலே இனி அதையே நம் வழியாக்கிவிட்டேன். சாப்பாட்டோடு காத்திருந்த உங்கள் தம்பிக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அண்ணனிடம் என்ன பதில் சொல்வேன் என்று ஒரே புலம்பல். அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து நான் வேலையை மாற்றி அமைத்துவிட்டேன். எனக்கு முன்னால் போக வராது. வராததைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்? நான் எப்போதும் போலக் கடைசியில் வருகிறேன். உங்கள் தம்பி வேனை ஓட்டிக்கொண்டு முன்னால் போய், பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று கை காட்டுகிறார். ஒருவர்கூட வழி தவறவில்லை. முன்னால் போக சைக்கிளே வேண்டியதில்லை என்று இத்தனை நாள் நமக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஆனால் ஒரு குறை. உங்கள் தம்பி கை காட்டுவார், அவ்வளவுதான். இது என்ன மரம் என்று டீச்சர் கேட்டதற்கு, பெரிய மரம் என்று பதில் சொல்லியிருக்கிறார். இன்னும் எவ்வளவு ஏற்றம் என்று கேட்டால் இதோ என்கிறார். அந்த இதோவை நம்பி டாக்டர் ஒரு மணி நேரம் மிதித்தார். எந்த வளைவில் பாசி வழுக்கும், எந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாம், எங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. தலையில் உங்களுக்கு அடிபடவில்லையே.

டாக்டர் என்ன சொன்னார்? நம் எலும்பு டாக்டரைச் சொல்கிறேன். மலை ஏற மிதிக்கக் கூடாது, நடக்கலாம், நிற்கலாம், வண்டியில் உட்காரலாம் என்றார். நீங்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டு சைக்கிள் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, சைக்கிள்களுக்கு எண்ணெய் போடக்கூட விடுவதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். இப்போது அந்தத் தலையாட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்குச் சம்மதம் இல்லை.

வேனில் முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சவாரியில் நீங்கள் அதில் காலை நீட்டி உட்காரலாம். தண்ணீர் கேனுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது என்று உங்கள் தம்பி முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரர் வந்தால் காபி கொடுத்து அனுப்புங்கள். சைக்கிளைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் தயங்கினால் அம்மா பேசிக்கொள்வாள். கடிதத்தின் இந்த இடத்தை மட்டும் அவளிடம் காட்டுங்கள்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிட வேண்டாம். உங்கள் கால் சீக்கிரம் தேற வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் நுழைந்துவிடுவோம். கோலை ஊன்றிக்கொண்டு நம் தெருமுனை வரைக்கும் உங்களால் நடந்து வர முடியும். மஞ்சள் தொப்பி கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் மாட்டியிருக்கிறது, போட்டுக்கொண்டு வாருங்கள். முதலில் புது மாப்பிள்ளை வருவார், பிறகு டீச்சர், மற்றவர்கள், டாக்டர். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். நான் கடைசியில்தான் வருவேன்.

உங்கள் பின்னாலேயே வருகிற,
உங்கள் மனைவி