பழிக்கும் சேர்த்து ஒரு பத்திரம்

சிவமயம்

அராலி தெற்கு,
வட்டுக்கோட்டை.
திங்கட்கிழமை.

அன்பு மருமகன் ஜெயரூபனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முதலே சொன்னவன். நீ சுவிசுக்கு வெளிக்கிட்ட அன்றே உன் அம்மாவிடம், "அக்கா, உவன் இனி நினைச்ச நேரம் வரமாட்டான், அகதி வழக்கு எண்டு ஒண்டு காலைக் கட்டும்" என்று சொன்னேன். கட்டியது. அம்மாவின் செத்தவீட்டுக்கு மழை வரும் என்றேன். வந்தது. நீ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரப்போவதாக ஒற்றைக்காலில் நிற்பாய் என்பதும், பிரதீபா நேற்று அழுதுகொண்டு வந்து சொல்லும் முன்பே எனக்குத் தெரியும்.

இங்கேயும் அங்கேயும், இரண்டு வீட்டிலும் ஒருவரும் சுகமாயில்லை. ஆகவே சுகம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டேன்.

இங்கே பந்தல் பிரித்தாகிவிட்டது. உன் அக்கா பிரதீபா வவுனியாப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு இங்கேதான் நிற்கிறாள். அம்மாவின் சேலைகளை அலுமாரியிலிருந்து எடுப்பாள், மணந்து பார்ப்பாள், திரும்ப அப்படியே வைப்பாள். நாய் கிணற்றடியை விட்டு நகரவில்லை. சோறு வைத்தால் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புகிறது. நான் மட்டும்தான் இந்த வீட்டில் தைரியமாக நிற்கிறவன். சமையலும் நான்தான். நேற்று நான் வைத்த மரவள்ளிக்கிழங்குக் கறியைச் சாப்பிட்டவர்கள் இன்னும் அதையே கதைக்கிறார்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். சங்கானையில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயாவிடம் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். தேத்தண்ணி வாங்குவதும் முத்திரை ஒட்டுவதும்தான் என் வேலை என்று சிலர் கதைப்பார்கள். உண்மையில் முக்கால்வாசி உறுதிகள் என் மூளையில் பிறந்தவை, கையெழுத்து மட்டும் ஐயாவுடையது. பெரிய வழக்குகள் பேசும் கொழும்பு அப்புக்காத்து ஒருவர் என்னிடம் சட்டத்தில் சந்தேகம் கேட்டுவிட்டு, கார் ஏறும்வரை தலையை ஆட்டிக்கொண்டே போனார். அங்கே நான் படித்ததில் பெரிய சொல் இழப்பெதிர்காப்பு. உனக்கு வரக்கூடிய நட்டத்தையும் வழக்கையும் செலவையும் இன்னொருவன் "என் தலையில் போடு" என்று எழுதி ஒப்பமிடுவதுதான் அது.

அன்று தொடக்கம் எந்தத் துண்டு எழுதினாலும் அந்த வசனத்தை நான் விடுவதில்லை. பக்கத்து வளவுப் பிலாமரம் எங்கள் கூரைக்கு மேல் சாய்ந்தபோது எழுதினேன். வாசிகசாலைக் கதிரைகளைக் கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்தபோது எழுதினேன். பிரதீபா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அழைப்பிதழில்கூட, விருந்துச் சாப்பாட்டால் எவர் வயிற்றுக்கு எது வந்தாலும் தாய்மாமனே பொறுப்பு என்று அடியில் போட்டேன். அதற்காக அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இழப்பு, நட்டம், வழக்கு, செலவு, பழி என்று ஐந்தையும் வரிசையாக அடுக்குவேன். பழி மட்டும் நானாகச் சேர்த்தது. சட்டத்துக்குப் பழி என்று ஒன்று தெரியாது என்று ஐயா பேனையால் வெட்டுவார். ஊருக்குத் தெரியும் என்று சொல்லி நான் திரும்பவும் போடுவேன்.

செத்தவீட்டன்று கைத்தொலைபேசியைக் கதிரையில் நிமிர்த்தி வைத்திருந்தோம். நீ அதற்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். சுண்ணம் இடித்து முடிந்ததும் பந்தலில் இருந்த ஒருவர், "ஒற்றை ஆம்பிளைப் பிள்ளை, தாய்க்குக் கொள்ளி வைக்க வராமல் ரெலிபோனுக்கை நிக்கிறாரோ" என்று கேட்டார். அது உன் காதில் விழுந்ததை உன் முகத்தில் கண்டேன். உடனே எழும்பி, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தெருவுக்கும் கேட்கும்படி வாசித்தேன். "என் மகன் ஜெயரூபன் என் கடைசி நேரத்துக்கு வராததால் ஏற்படும் இழப்பு, நட்டம், வழக்கு, செலவு, பழி அனைத்தையும் தாயாகிய நானே ஏற்றுக்கொண்டு அவனை எக்காலமும் காத்துக்கொள்வேன்." கீழே பெருவிரல் அடையாளம். கிணற்றடியில் விழுந்த அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்புலன்சில் கண் திறந்து, நீ வருகிறாயா என்று கதவையே பார்த்துக் கிடந்து, என் கையைப் பிடித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதியது என்று எல்லோருக்கும் விளக்கினேன். கேட்டவர் குனிந்து வெற்றிலை மடித்தார். உன் பெரியப்பாவின் மகன் லக்ஷன் கொள்ளி வைத்தான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் நீ நேற்றுப் பிரதீபாவிடம் சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள். "அம்மா என்ரை பழியையும் தூக்கிக்கொண்டு போனவ. அவவின்ரை சாம்பலைக் கீரிமலையிலை நான் வந்து கரைக்காட்டி, நான் என்ன பிள்ளை." உன் மனைவி சாருஜாவும் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நீ இப்போது வெளிக்கிட்டால் அகதி வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிடும், பிறகு அவளிடமும் பிள்ளையிடமும் உன்னால் திரும்பிப் போக முடியாது என்று சட்டத்தரணி சொன்னாராம். மாமா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்றாள்.

சொல்கிறேன். சட்டப்படி, அம்மா பொறுப்பேற்ற பிறகு உன்னிடம் பொறுப்பு எதுவும் இல்லை. இல்லாத பொறுப்பை நிறைவேற்ற ஒருவன் விமானம் ஏறினால் அது பத்திரத்தை மீறுவதாகும். எந்த நீதிமன்றத்திலும் இதை நான் நின்று வாதாடுவேன்.

இந்த இடத்தில் ஒப்பம் வைத்து முடிக்கத்தான் இருந்தேன். நீ இதைக் கேட்கமாட்டாய் என்று தெரிகிறது. கீழே எழுதுவது பிரதீபாவுக்குத் தெரியாது. அவளிடம் அனுப்பக் கொடுத்தால் வாசித்துவிடுவாள் என்பதால் நானே படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

தம்பி, அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

கிணற்றடியில் விழுந்தவரை நான் போய்த் தூக்கும்போதே கண் மூடியிருந்தது. பிறகு அது திறக்கவில்லை. அம்புலன்சில் வந்த தாதிப் பிள்ளை அம்மாவின் பெயர் கேட்டபோது நான்தான் பதில் சொன்னேன். கதவைப் பார்த்துக் கிடந்ததும் இல்லை, கையைப் பிடித்ததும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முதலே எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தாளைச் செத்தவீட்டன்று விடிய, குசினிக்குள் இருந்து நானே எழுதினேன். உன்னை யாராவது கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். விரல் என்னுடையது. உன் தலையில் இருப்பதை இறக்கிவிடத்தான் எழுதினேன். அது உன் தலையில் இன்னும் பாரத்தை ஏற்றும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அம்மா உன்னைத் தேடிக்கொண்டு கிடக்கவில்லை, அப்பன். தேடுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை. நீ வராததையும் அவர் அறியவில்லை. உன்னை மன்னிக்கவும் இல்லை. மன்னிக்க என்ன இருந்தது?

விழுந்த அன்று விடிய, அம்மா வேலியால் எட்டி என்னைக் கூப்பிட்டார். பேத்தியின் முன்பல் விழுந்துவிட்டதாம், இரவு தொலைபேசியில் வாயைத் திறந்து காட்டினாளாம், கதைக்கும்போது காற்றுப் போகுதாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். உன் வீட்டைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

கீரிமலைக்கு நானும் லக்ஷனும் போவோம். நீ அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. வராதே, ராசா. வராதே.

உன் தாய்மாமன்,
சிவக்கொழுந்து