கடைசிவரை திருந்தாத அத்தைக்கு

முறைப்பை முகத்திலிருந்து ஒருநாளும் கழற்றி வைக்காத என் அன்பு அத்தைக்கு,

முதலில் ஒரு கெட்ட செய்தி. நம்ம சீரியல் போன மாதம் முடிந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குடித்தனக்காரர்களையெல்லாம் விரட்டுவாரே வீட்டுக்கார அம்மா, அவரைக் கடைசி வாரத்தில் திருத்திவிட்டார்கள். நெஞ்சுவலி வந்து படுத்தார். மருமகள் கையைப் பிடித்து அழுதார், மன்னிப்புக் கேட்டார், சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் டிவியை நிறுத்திவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் திரையோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள். "இத்தினி வருஷம் தண்ணி வழியாம மோட்டார நிறுத்துனது யாரு? அவ எதுக்குடி மன்னிப்பு கேக்கணும்?" எனக்கு அந்தக் குரல் கேட்டது. பதில் சொல்லத்தான் பக்கத்தில் யாருமில்லை.

உங்களுக்குப் பிடித்தவர்கள் எல்லோருமே சிடுமூஞ்சிகள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது எனக்கு விளங்கவில்லை. கதாநாயகன் ஒரு பெண்ணின் பின்னாலேயே பைக்கில் சுற்றுவான், பாட்டுப் பாடுவான். உங்களுக்கோ, அவன் முகத்துக்கு நேராகக் கேட்டைச் சாத்தும் அவளுடைய அப்பாவைத்தான் பிடிக்கும். சத்தத்தைக் குறை என்று கத்தும் ஹாஸ்டல் வார்டன், படியில் தொங்குகிறவனைப் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடும் கண்டக்டர், தோட்டத்தில் விழுந்த பந்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரர். இவர்கள் வந்தால்தான் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவீர்கள். "அந்தாளு சொல்றதுல இன்னா தப்பு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தால் ஒரு தப்பும் இருக்காது.

ஒருநாள் இன்னொன்றும் கேட்டீர்கள். "ஆம்பள மொறைச்சா சினிமாக் கொட்டாயே சிரிக்குது. பொம்பள மொறைச்சா மட்டும் இன்னாத்துக்குத் தகரத்தத் தட்றான்?" வில்லி வரும்போது போடும் பின்னணி இசையைச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் அந்தத் தகரச் சத்தம் என் காதில் தனியாக விழுகிறது. கோபக்காரக் கிழவனுக்கு ஒரு நகைச்சுவைப் பாட்டு. கோபக்காரக் கிழவிக்கு மூன்று பக்கத்திலிருந்தும் முகத்தை நெருங்கும் கேமரா. இதை யார் முடிவு செய்தார்கள், அத்தை?

நம்ம தெருவும் அந்தக் கேமராவைத்தான் உங்கள்மேல் வைத்திருந்தது. செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்கள் நம் வாசலை அடைத்து வேனை நிறுத்தினால் நீங்கள் வெளியே வந்து நிற்பீர்கள். ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். டிரைவர் தானாக வண்டியை எடுத்துவிடுவார். அப்போது உங்களைப் பேய் என்றவர்கள் இப்போது என்னிடம் வந்து, "உங்க மாமியார் இருந்தா இப்டி நிறுத்துவானா?" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை.

உறவுக்காரர்கள் உங்களைப் பலாப்பழம் என்கிறார்கள். வெளியில் முள்ளாம், உள்ளே சுளையாம். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. முள்ளும் நீங்கள்தான். என் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மோருக்குக் கையை நீட்டியவர் நீங்கள். என் அம்மா வந்திருந்தபோது சரியாகப் பேசாமல் உள்ளே போய்ப் படுத்தவரும் நீங்கள்தான். அதற்காக உங்களோடு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்கே தெரியும். சுளையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எருக்குழியில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள்.

உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்குத் தெருமுனையில் பேனர் வைப்பது என்று முடிவாயிற்று. தாம்பரத்திலிருந்து கலாதான் எல்லாவற்றையும் போனிலேயே ஏற்பாடு செய்தாள். உங்கள் மகள், செல்லமாக வளர்ந்தவள், என்னால் தடுக்க முடியுமா? பேனர் கடை சலீம் பாய் மாதிரியை என் போனுக்கு அனுப்பினார். திறந்து பார்த்தேன். "புன்னகையால் எங்களை வளர்த்த பூமகளே" என்று மேலே எழுதியிருந்தது. கீழே நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். காது வரைக்கும் சிரிப்பு. அதுகூடப் பரவாயில்லை. பொக்கை வாயான உங்களுக்கு வாய் நிறையப் பல் முளைத்திருந்தது.

எதிர்வீட்டுப் பூக்காரம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யாரு இது, கலாவோட மாமியாரா? பாவம், எப்ப செத்தாங்க?" என்றார்.

உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். "ஒரு போட்டோவுக்கு ஏன் டென்ஷன் ஆவுற? நல்லாத்தான இருக்குது. நாலு பேரு பாக்கறது" என்றார். உங்களைப் பெற்ற தாயாக அறிந்தவரே இதைச் சொன்னால் நான் யாரிடம் போவது?

சலீம் பாயிடமே போனேன். "பாய், இந்தப் பல்லு எங்கருந்து வந்துச்சு?"

"நான் வைக்கலக்கா. போன் ஆப்புல போட்டு சிரிப்ப அமுக்குனா பல்லு தானா வருது."

"எடுத்துடுங்க."

"பல்ல மட்டும் எடுத்தா சிரிப்பு பொக்கையா ஆயிடும்."

"சிரிப்பையும் சேத்து எடுங்க."

கலாவின் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போயிருந்தேன். மண்டப வாசலில் நீங்கள் யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கும் படம். சலீம் பாய் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இவங்களா. எங்க ஜெனரேட்டர் புகை ரோட்டுக்கு வருதுன்னு கடை முன்னால வந்து நின்னாங்களே, அந்த அம்மா. இதப் பெருசாப் போடணுமாக்கா? ரோட்ல போறவன் பயந்துடப் போறான்."

"பயப்படட்டும், பாய்."

பேனர் வந்தது. மேலே உங்கள் பெயர், ஊர், தேதி. பூமகளும் இல்லை, புன்னகையும் இல்லை. அன்றைக்குக் காலையில் கலா பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தாள். பேனரைப் பார்த்ததும் அவள் கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

படையல் போட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த உங்கள் அண்ணன் நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார். "எப்டியோ, கடைசியில எந்தங்கச்சி திருந்திடுச்சி. மருமக கையப் புடிச்சி அழுதுச்சாமே." அவருக்கு யார் சொன்னார்கள் என்பது கலாவின் குனிந்த தலையைப் பார்த்ததும் புரிந்தது. சீரியலில் பார்த்ததை அவள் உங்களுக்கு நடந்ததாகச் சொல்லிவிட்டிருந்தாள். பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களோடு இருந்தவள் நான் ஒருத்திதானே.

"ஆமாம் மாமா" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாகப் பாயசம் குடித்திருப்பார்கள்.

"இல்ல மாமா. அத்தை அழுவல. மன்னிப்பும் கேக்கல. நர்சம்மா கதவச் சாத்தாமப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் போய்ச் சாத்திட்டு வந்தேன். அவ்ளோதான்."

உங்கள் பிள்ளை இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு ரசம் கேட்டார்.

சாயங்காலம் கலாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்ல அண்ணி?" என்றாள்.

"அந்தப் போட்டோவுல அம்மா யாரை மொறைக்கறாங்க, ஞாபகம் இருக்குதா கலா? போட்டோகிராபர. உன்ன வெயில்ல நிக்கவெச்சி நிக்கவெச்சிப் படம் எடுத்தான். 'எம்பொண்ணு மயக்கம் போட்டு வுழப்போறா, உனக்குப் படம் கேக்குதா'ன்னு அவன வெரட்டுனாங்க."

"தெரியும் அண்ணி. நான்தான பக்கத்துல நின்னேன்." குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். "எனக்காக எல்லாரையும் மொறைச்சாங்க. என்னப் பாத்து ஒருதரம்கூட சிரிக்கலியே."

அதற்குப் பதில் உங்களிடமாவது இருந்திருக்குமா, அத்தை? போனவள் இன்னும் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பதும் இல்லை. அவளுக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது, அது நியாயம்தான். ஆனால் போன் முளைக்கவைத்த பல்லில் அது கிடைத்துவிடுமா? கிடைத்தாலும், அதைத் தந்தவர் அவளுடைய அம்மாவாக இருப்பாரா? அவள் ஏங்குவதுகூட நிஜமான உங்களுக்காகத்தான். அந்த ஏக்கத்தையாவது யாரும் மாற்றி வைக்காமல் இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

நான் கோபக்காரி இல்லை. எதையும் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருப்பவள். பந்தியில் அத்தனை பேர் நடுவில் "இல்ல" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தெரியவில்லை. யாராவது தகரத்தைத் தட்டியிருந்தால் தட்டிவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருஷமும் இதே பேச்சு வரும். இறந்தவர்களை நல்லவர்களாக்காமல் நம் ஜனங்களால் சாப்பிட முடியாது. யார் வீட்டு விசேஷமானாலும், யார் "கடைசியில அந்தம்மா மாறிட்டாங்க" என்று ஆரம்பித்தாலும், நான் அந்த இடத்தில் இருக்கும்வரை உங்களை யாரும் திருத்த விடமாட்டேன். கலா கதவைத் திறக்கும்வரை அவள் வீட்டுக்கும் போவேன். அங்கேயும் இதையேதான் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்காதவருக்கு, மன்னிப்புக் கேட்கப்போகாத
உங்கள் மருமகள்,
செஞ்சி.