பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்

மார்ச் 3
மனைவியிடம் நூலகம் என்று சொல்லிவிட்டுப் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். டிக்கெட் கொடுப்பவர் சிரித்தார். "என்ன சார், இன்னைக்கு வேவு பாக்கவா? வீட்டம்மாவோட எப்ப?"

வழக்கம்தான். படத்தில் குழந்தை சாகிறதா, எந்த இடத்தில் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். பிறகு அவளோடு போகும்போது ஓர இருக்கை. அந்த இடம் நெருங்கியதும், "மூச்சு முட்டுது, வெளிய வாம்மா" என்பேன். எங்கள் பாப்பா போனதிலிருந்து இப்படி. அவளும் மறுபேச்சில்லாமல் எழுந்து வருவாள்.

இன்றைய படத்தில் ஒரு சிறுமிக்குக் காய்ச்சல். மருத்துவமனைக் கதவு மூடியதும் நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். நல்ல வேவுகாரன்! திரும்பிப் போனபோது சிறுமி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் அப்பா. பிழைத்துவிட்டாள். அப்பாடா.

படம் நல்ல படமாம் என்று வீட்டில் சொன்னேன்.

மார்ச் 4
பல் தேய்க்கும்போது உறைத்தது. மருத்துவமனையில் அந்த அப்பாவுக்குத் தாடி. சைக்கிள் பின்னால் ஓடியவனுக்கு மழுங்க வழித்த முகம். பிறகு வழித்திருக்கலாம். அல்லது — சைக்கிள் ஓட்டியது காய்ச்சலுக்கு முன்பு நடந்ததா?

மறுபடி போய்ப் பார்க்க நேரமில்லை. நாளைக்கு மச்சினி டிக்கெட் எடுத்துவிட்டாள். நடு வரிசை, நட்ட நடு இருக்கை. "ஓரத்துலயே உக்கார வெச்சு அக்காவுக்குக் கழுத்து சுளுக்கிப் போச்சு மாமா" என்கிறாள்.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? தைரியம் வரவில்லை. பொய்க்கும் தைரியம் வேண்டும்.

மார்ச் 5
முன்பு நடந்ததுதான். படத்தில் வரும் அப்பாவின் நினைவு. சிறுமி பிழைக்கவில்லை.

திரையில் மருத்துவமனைக் கதவு திறந்தது. எழுந்தேன். இரண்டு பக்கமும் முழங்கால்கள். "உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேறு வழியில்லாமல் அவள் கண்ணைக் கையால் மறைத்தேன். தட்டிவிட்டாள்.

"சும்மா இருங்க. வயித்தப் பாக்கணும்."

"என்னத்த?"

"போர்வைக்குக் கீழ. ஏறி எறங்குது பாருங்க. மூச்சு விடுறா அந்தப் பொண்ணு."

நான் பார்க்கவில்லை. மச்சினி அக்காவிடம் கைக்குட்டை நீட்டினாள். அவள் அதை என் மடியில் போட்டாள். அப்போதுதான் என் சட்டைக் கழுத்து நனைந்திருப்பது தெரிந்தது.

மார்ச் 6
காலையில் கேட்டேன், இப்படிப் பார்ப்பதை இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று. பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை அவள்.

"உங்களால தாங்க முடியலன்னு நெனச்சேன். அதான் கூடவே எந்திரிச்சு வந்தேன்."

"நான் உனக்காக..."

"தெரியும். நீங்க வீட்டுல இல்லாதப்ப டிவியில இந்த மாதிரி சீனெல்லாம் பாப்பேன். செத்த மாதிரி நடிக்கிற எந்தக் குழந்தைக்கும் மூச்ச முழுசா அடக்கத் தெரியல. எந்திரிச்சதும் ஐஸ்கிரீம் கேட்டிருக்கும்." நறுக்கியதைத் தட்டில் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "பாப்பாவுக்கு வயிறு ஏறுமா ஏறுமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்ல. இதுங்களுக்காவது ஏறுது."

கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினேன்.

மார்ச் 19
"ஓரமாத்தானே சார்?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். நடுவில் கேட்டேன். வேவு பார்க்கப் போயிருக்கவில்லை.

படத்தில் ஒரு பையன் செத்துக் கிடந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முழங்கையால் இடித்தாள். "இப்பப் பாருங்க. இப்ப."

பார்த்தேன். அவன் சட்டையின் மூன்றாவது பொத்தான் லேசாக மேலே எழுந்தது.