டெக்சஸ் சட்டமும் எங்கள் கதவும்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

இன்று தொலைபேசியில் நீ கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதுகிறேன். கதவு விஷயம் என்னவாயிற்று என்று கேட்டாய். அது முடிஞ்சுது பிள்ளை, ஒண்டுமில்லை, நீ சோதினைக்குப் படி என்றேன். அது முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சிறுவர் நீதிபதி முன் எங்களுக்குத் தவணை. தம்பியை எங்களோடு விடுவதா, எடுத்து வேறு குடும்பத்திடம் கொடுப்பதா என்று அன்று சொல்வார்கள். இதை எழுதிய பிறகுதான் உன் சுகத்தைக் கேட்கக் கை வருகிறது. நீயும் தயாளினி மாமியும் ஹூஸ்டன் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் நானும் உடம்பால் சுகம். தம்பியின் முகத்தில் இரண்டு வடு மட்டும் மிஞ்சியிருக்கிறது, மற்றபடி ஓடித் திரிகிறான்.

நீ பாதிக் கதைதான் அறிவாய், அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். தம்பிக்குக் கொப்புளிப்பான் அம்மை கண்டதும் கீழ்வீட்டுத் தில்லைநாயகி அக்கா வந்து எங்கள் வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அம்மாள் வந்திருக்கும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக் கூடாது, திரையை விலக்கக் கூடாது, வேப்பிலைத் தண்ணீர் வார்க்கும் வரை பிள்ளையைக் குளிக்க வைக்கக் கூடாது, வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது, மருந்துக்கும் போகக் கூடாது. நான் மருத்துவரிடம் காட்டுவோம் என்றுதான் சொன்னேன். அப்பா, அம்மாள் தானா வந்தவ தானாப் போவா, நீர் வாசிக்கிற புத்தகத்துக்கு அவவைத் தெரியாது என்று பகிடி விட்டார். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று அறிவித்தேன். அவர்கள் மருத்துவரின் கடிதம் கேட்டார்கள், பிறகு இன்னொரு முறை கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டேன்.

அதன் பிறகுதான் சமூக சேவை அலுவலகத்திலிருந்து பெர்னார் என்பவர் வந்தார். நனைந்த மேலங்கியோடு, காலணியை நன்றாகத் துடைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். முரட்டு மனிதர் அல்ல, குரலை உயர்த்தவே இல்லை. தம்பியின் பெயரைச் சொல்லி, யதுர்ஷன் எங்கே என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, பிள்ளை ஓல்னே-சூ-புவாவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டான் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டார். வெளியாள் கண் பட்டுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம் அவருக்கு. நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளறை இருட்டிலிருந்து தம்பி பிரெஞ்சில் கூப்பிட்டான், அம்மா, யார் அது, நான் இப்போது வெளியே வரலாமா என்று. பெர்னார் என் முகத்தைப் பார்த்தார். அறையைப் பார்க்கலாமா என்றார். அக்கா கைகளை விரித்துக் குறுக்கே நின்றார். சரி, இன்னொரு நாள் வருகிறேன் மதாம் என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். அவர் கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

அன்று பின்னேரம்தான் அழுதுகொண்டு உன்னை அழைத்தேன். நீ சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகும் சட்ட உதவி நிலையத்தில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுப்பதை எனக்கும் சொன்னாய். இஞ்சை இப்ப சட்டமே இருக்கம்மா, வாற ஆள் முதல்லயே உங்கடை உரிமையைச் சொல்லவேணும், நீங்கள் பேசத் தேவையில்லை, கோட்டுக் கட்டளை இல்லாமல் வீட்டுக்குள்ளை விடத் தேவையில்லை, திறவாதேங்கோ அம்மா என்றாய். உன் குரலில் இருந்த உறுதி எனக்குப் பெரிய ஆறுதல். அப்பா கடைத்தெரு முழுக்க, எங்கடை மகள் அமெரிக்காவிலை சட்டம் படிக்கிறாள், இனி ஆரும் எங்கடை கதவைத் தட்டட்டும் பாப்பம் என்று சொல்லித் திரிந்தார். பெர்னார் ஒரு பெண் அலுவலரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. நீ சொன்னதைப் பிரெஞ்சில் பாடமாக்கி வைத்திருந்தேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அப்படியே சொன்னேன். மதாம், எனக்குப் பிள்ளையை ஒருதரம் பார்த்தால் போதும் என்றார் அவர். சொன்னதையே திரும்பவும் சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். அப்பா கை தட்டினார்.

எங்களுக்குக் கிடைத்த சட்டத்தரணி ஒரு பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யார் உங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது என்றார். டெக்சஸில் இப்படித்தான் சட்டம் என்றேன், உன் பெயரைச் சொல்லவில்லை. இது டெக்சஸ் இல்லை மதாம், இங்கே நீங்கள் திறக்காமல் விட்டால் அவர்கள் நேரே நீதிமன்றத்துக்கு எழுதிவிடுவார்கள், எழுதிவிட்டார்கள் என்றார். பிள்ளை இருட்டறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது, மருத்துவம் மறுக்கப்பட்டது, பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் விளக்கம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் நடந்ததுதான். தம்பி பள்ளிக்கூடம் திரும்பியபின் பெர்னார் அங்கேயே வைத்து அவனோடு தனியாகவும் பேசியிருக்கிறார். அந்த ஆள் நல்லவர் அம்மா, இருட்டில் இருந்ததைக் கேட்டார், வெளியே வரக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டார், உண்மையைச் சொன்னேன் என்று வந்து சொன்னான். நல்லது ராசா என்றேன்.

சாம்பவி, இதை நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். நீ சொன்ன சட்டம் நல்ல சட்டம். அது வருவதற்கு முன் உங்கள் மாநிலத்தில் எத்தனை தாய்மார் கதவடியில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். எனக்கு யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இங்கே என்ன உரிமை, எது வரை என்று நானும் யாரையும் கேட்கவில்லை, நூலகம் கூப்பிடு தூரத்தில் இருந்தும். நீ அந்த வேலையை விடாதே. ஆனால் வேறு நாட்டிலிருந்து அழுதுகொண்டு அழைக்கிறவர்களுக்கு, அங்கையுள்ள ஆக்களைக் கேளுங்கோ என்று மட்டும் சொல்.

சட்டத்தரணியின் சொல்லைக் கேட்டு அப்பா தம்பிக்கென்று கட்டில் வாங்கி வந்திருக்கிறார். தரையில் எங்கள் நடுவில் படுப்பதும் கோப்பில் இருக்கிறதாம். கட்டில் போட்ட பிறகு அறைக் கதவு பாதிதான் திறக்கிறது, பக்கவாட்டில் நுழைகிறோம். அவன் இன்னும் எங்கள் நடுவில்தான் படுக்கிறான். மெத்தையின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை. தில்லைநாயகி அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார், படியில் கண்டால் சுவர்ப்பக்கம் பார்க்கிறார். கடைக்காரர்கள் அப்பாவிடம் அமெரிக்கச் சட்டம் என்ன மாதிரி அண்ணை என்று கேட்கிறார்களாம். அவர் கோழிக்கறியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வருகிறார்.

மாமிக்கு இதொன்றையும் சொல்லாதே. விமானச் சீட்டு எடுக்காதே, சோதனையை எழுதி முடி. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு குளிரூட்டிக்குக் கீழே இருக்காதே. செவ்வாய்க்கிழமை நீ அழைக்காதே, நான் அழைக்கிறேன். எந்த வீட்டுக்கு நீ போனாலும் உனக்குக் கதவு திறக்க வேண்டும், நீ தொட்ட காரியம் துலங்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
ரதிதேவி

வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தை நான் அனுப்பியிருக்கவில்லை, செவ்வாய்க்கிழமை உன்னை அழைக்கவும் இல்லை. நீதிபதி ஆறு மாதம் என்று தீர்மானித்தார். தம்பியை அன்று பின்னேரமே பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போய்விட்டார்கள். ரூவான் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு இருக்கிறான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம், ஒருவர் கூட இருக்க, பார்க்கலாம். கூட இருப்பவருக்கு விளங்க வேண்டுமாம், அவனோடு பிரெஞ்சில்தான் பேச வேண்டும்.